கோபுரத்தடியில் தொடங்கிய நடை: அருணகிரிநாதர் கதை

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.

கிருத்திகை வந்தா போதும், நம்ம குரூப்புகள்ல அருணகிரிநாதர் படம் ஒண்ணு வலம் வர ஆரம்பிச்சிடும். திருவண்ணாமலை ராஜகோபுரம், அதோட உச்சியிலிருந்து ஒருத்தர் குதிக்கிறார், கீழே மயில் மேல முருகன் ரெண்டு கையையும் நீட்டிட்டு இருக்கார். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கோபுரம் தப்பு. 217 அடி உயரமுள்ள அந்தப் பதினொரு நிலை ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர், 16-ம் நூற்றாண்டில். கட்டி முடித்தவர் தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர். அருணகிரிநாதர் 15-ம் நூற்றாண்டுக்காரர். அவர் காலத்துல அந்த இடத்துல வெறும் வானம்தான் இருந்திருக்கும்.

அவர் ஏறியதாக மரபு சொல்வது உள்ளே இருக்கிற வல்லாள கோபுரம். போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் 14-ம் நூற்றாண்டில் கட்டியது. அதன் அடியிலேயே ஒரு சின்ன முருகன் சந்நிதி இருக்கு, கோபுரத்து இளையனார்னு பேரு. அடுத்த தடவை கிரிவலத்துக்குப் போறவங்க ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போய் அங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. மேலே ராஜகோபுரத்தையே பார்த்துட்டுப் போறதால நிறைய பேர் அந்தச் சந்நிதியைக் கவனிக்கிறதே இல்ல.

காலம் எப்படித் தெரியும்னு கேட்கலாம். அவருடைய பாட்டு ஒன்றில் பிரபுடதேவ மகாராஜா என்ற பெயர் வருது. விஜயநகரத்தை 1422 முதல் 1446 வரை ஆண்ட இரண்டாம் தேவராயருக்குத்தான் பிரௌடதேவராயர் என்ற பெயர். ஒரு பக்திப் பாட்டுக்குள்ள ராஜாவின் பெயர் சிக்கிக்கிட்டதால நமக்கு ஒரு தேதி கிடைச்சுது. டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன் கண்ணுக்கு அது ஒரு டைம்ஸ்டாம்ப்.

இனி கதைக்கு வருவோம். இதில் பாதிக்கு மேல செவிவழி மரபுதான். கல்வெட்டுல இதையெல்லாம் தேடக் கூடாது. ஆனா ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஒரு ஜனக்கூட்டம் இதையே சொல்லிட்டு வருதுன்னா, அந்தக் கூட்டத்துக்கு இது ஏன் தேவைப்பட்டதுன்னு பார்க்கணும்.

அவர் பிறந்தது திருவண்ணாமலைன்னு பெரும்பாலோர் சொல்றாங்க, காவிரிப்பூம்பட்டினம்னு சொல்றவங்களும் உண்டு. தாய் பெயர் முத்தம்மை, அக்கா பெயர் ஆதி. குலம் எதுன்னு ஆளுக்கொரு கதை வச்சிருக்காங்க, நாம அந்தச் சண்டைக்குள்ள போக வேண்டாம். அம்மா சீக்கிரமே போயிட்டாங்க. தம்பியை வளர்த்தது ஆதிதான். பையன் படிப்புல கெட்டிக்காரன், தமிழும் வடமொழியும் நல்லா வந்தது. அக்காவுக்கு அவன்தான் உலகம். கேட்டதெல்லாம் கொடுத்தாங்க.

அந்தக் கொடுத்ததெல்லாம் தாசி வீடுகளுக்குப் போச்சு. முதல்ல காசு, அப்புறம் நகை, அப்புறம் வீட்டுல இருந்த பண்டம் பாத்திரம். உடம்புலயும் நோய் வந்தது, தொழுநோய்னு சொல்றாங்க. ஊர் ஒதுக்கிச்சு. காசு தீர்ந்ததும் அந்த வீடுகளும் கதவைச் சாத்திடுச்சு. அப்பவும் அவர் விடல. திரும்ப அக்கா கிட்டயே வந்து பணம் கேட்டு நின்னார்.

இந்த இடத்தை ஃபார்வர்டுகள்ல ஒரே வரியில தாண்டிடுவாங்க. எனக்குத் தாண்ட மனசு வரல. ஆதி கிட்ட கொடுக்க ஒண்ணுமே இல்ல. கழுத்து வெறுமையா, கை வெறுமையா நிக்கிறாங்க. தம்பி இன்னும் கேட்டுட்டே இருக்கான். அப்போ அவங்க சொன்னதா மரபு சொல்றது இதுதான்: உனக்கு வேண்டியது ஒரு பெண்ணோட உடம்பு மட்டும்தான்னா, நானும் பெண்தானே, என்னையே எடுத்துக்கோ. இதைத் தியாகம்னு எழுதுறவங்க இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. எல்லா வழியும் அடைஞ்சு போன ஒரு அக்கா, கையால அடிக்காம சொல்லால அடிச்ச அடி அது. ஒரு வீட்டுல குடிக்கிறவனோ சூதாடுறவனோ ஒருத்தன் இருந்தா, கடைசியில அந்த வீட்டுப் பொம்பளைங்க எந்த இடத்துக்குத் தள்ளப்படுறாங்கங்கிறதை இதைவிடச் சுருக்கமா யாரும் சொல்லிட முடியாது.

அந்தச் சொல்லுலதான் அவர் உடைஞ்சார். வீட்டை விட்டு வெளியேறி, கோயிலுக்குப் போய், கோபுரத்துல ஏறினார். கதையில இதுக்கப்புறம் ஆதியைக் காணோம். தம்பி ஞானியாகி ஊர் ஊராப் போய்ப் பாடினது அவங்க காதுக்குப் போச்சா, ஒரு நாளாவது திரும்பி வந்து அக்கா காலுல விழுந்தாரா? கதை சொன்னவங்க யாரும் அதைச் சொல்லாமலே விட்டுட்டாங்க. எனக்கு அது ஒரு குறையாவே இருக்கு.

கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கிப் பிடிச்சார். பேச்சைக் குறைத்துச் சும்மா இருக்கச் சொல்லி உபதேசம் செய்தார். வேலால் நாக்கில் ஆறெழுத்தை எழுதினார், நோய் போச்சு. பாடு என்றார். எப்படிப் பாடுறதுன்னு தெரியாம முழிச்சவருக்கு முதல் அடியை அவரே எடுத்துக் கொடுத்தார். அந்த முதல் பாட்டைத்தான் டி.எம்.எஸ். குரல்ல நாம எல்லாரும் கேட்டிருக்கோம். 1964-ல வந்த அருணகிரிநாதர் படத்துல அவரே அருணகிரியா நடிச்சிருப்பார். எங்க தாத்தா தலைமுறைக்கு அருணகிரிநாதர் முகம்னா அது டி.எம்.எஸ். முகம்தான்.

இங்க ஒண்ணைச் சொல்லிட்டுப் போறேன். இந்தக் குரூப்ல இருக்கிறவங்க பாதி பேருக்கு மேல இருபதுகள்ல இருக்கோம். கடன், ஆன்லைன் சூதாட்டம், காதல் தோல்வி, வேலை போனது, வெளியில சொல்ல முடியாத அவமானம்னு யார் யாருக்கு என்ன இருக்குன்னு தெரியாது. கோபுரத்துல ஏறினதைப் பக்தின்னு யாரும் எடுத்துக்காதீங்க. அது அவர் மனசு நொந்து எடுத்த தப்பான முடிவு. அதை முருகனே வந்து தடுத்தார்ங்கிறதுதான் கதை. அப்படி ஒரு ராத்திரி உங்களுக்கு வந்தா, முதல்ல ஒரு மனுஷன் கிட்ட பேசிடுங்க. 104-க்குப் போன் பண்ணலாம், 14416-க்கும் பண்ணலாம். முருகன் வேலோடதான் வரணும்னு இல்ல, போன் எடுக்கிற குரலாவும் வருவார்.

சரி. காப்பாத்தப்பட்ட மறுநாளே எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்ல. இதுதான் எனக்கு இந்த வாழ்க்கையில ரொம்பப் பிடிச்ச பகுதி. அற்புதம் ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் நடை. மிச்ச வாழ்க்கை முழுக்க நடை.

முருகன் அவரை வயலூருக்கு வரச் சொன்னதா மரபு. திருச்சிக்குப் பக்கத்துல இருக்கிற வயலூர். அங்க பொய்யாக்கணபதி முன்னாடி நின்னு பாடினார். வயலூரை அவர் கடைசிவரை மறக்கல, வேற ஊர்ல பாடின பாட்டுகள்ல கூட வயலூர் பேரு வந்துட்டே இருக்கும். அப்புறம் விராலிமலை. வழி தெரியாம நின்னப்போ முருகன் வேடன் வடிவத்துல வந்து வழிகாட்டினார்னு அந்தக் கோயில்ல சொல்வாங்க. அதுக்கப்புறம் சிதம்பரம், சுவாமிமலை, பழனி, திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், திருத்தணினு போயிட்டே இருக்கு. பழனிக்கு மட்டும் 90-க்கும் மேல பாட்டு, திருச்செந்தூருக்கு 80-க்கும் மேல. கடல் தாண்டி கதிர்காமத்துக்கும் திருகோணமலைக்கும் பாட்டு இருக்கு. வடக்கே காசிக்கு இருக்கு. மொத்தம் 200-க்கும் மேற்பட்ட தலங்கள்.

அந்தக் காலத்துல நடக்கிறதுன்னா என்னன்னு யோசிங்க. மதுரையில சுல்தான் ஆட்சி முடிஞ்சு, விஜயநகர இளவரசர் குமார கம்பணன் படை வந்து போனது 1370-களை ஒட்டி. அருணகிரிநாதர் பிறந்தப்போ ஊர்ல இருந்த கிழவர்கள் பலருக்கு, பூட்டிக் கிடந்த கோயில்கள் நேரில் பார்த்த ஞாபகமா இருந்திருக்கும். கம்பணன் மனைவி கங்காதேவி எழுதின மதுரா விஜயம்ங்கிற வடமொழிக் காவியத்துல பாழடைஞ்ச கோயில்கள் வருது. கோயில்களுக்குத் திரும்ப விளக்கு வந்து ரெண்டு மூணு தலைமுறை ஆன காலம். ரோடுங்கிறது காட்டு வழி. திருடன் பயம், புலி பயம், காய்ச்சல் பயம். சத்திரம் இருந்தா சோறு, இல்லேன்னா பட்டினி.

அப்படிப்பட்ட நாட்டுல ஒருத்தர் ஒவ்வொரு ஊரா பாட்டுல பதிஞ்சு வச்சுட்டுப் போறார். பெரிய கோயில்னு மட்டும் பார்க்கல, இன்னைக்கு பஸ்ஸே நிக்காத குக்கிராமத்துக்கும் பாட்டு இருக்கு. நாம மேப்ல பின் போடுற மாதிரின்னு சொல்லலாம், ஆனா நாம போடுற பின்னை நாம மட்டும்தான் பார்ப்போம். அவர் போட்ட பின்னைப் பார்த்து இன்னைக்கும் ஜனங்க அந்த ஊர்களைத் தேடிப் போறாங்க. முருகன்னா ஆறுபடை வீடுன்னு திருமுருகாற்றுப்படை காலத்துலேயே இருந்தது. ஆனா தமிழ்நாட்டுல எந்த ஊர்க்காரனும் தன் ஊர்ச் சாமியை முருகனோட இணைச்சுப் பார்க்கிற அளவுக்கு அந்த வரைபடத்தை விரிச்சது இவர்தான்னு நான் நினைக்கிறேன். சிவன் கோயில்லயும் முருகனைப் பாடினார். பெருமாளையும் விடல. அவர் திருப்புகழ் பாட்டுகள் முடியறப்போ முருகனைப் பெருமாளேன்னுதான் கூப்பிடும். நடுவுல திருமால் மருகன்னு வந்து, ராமாயணமும் கிருஷ்ண லீலையும் ஓடும். நின்ற நாராயணப் பெருமாளும் கருநெல்லிநாதரும் ஒரே குன்றுல இருக்கிற திருத்தங்கலுக்குப் பக்கத்துல வளர்ந்த எங்களுக்கு அது ஒண்ணும் புதுசாத் தெரியல. ஆனா அந்தக் காலத்துல சைவம் வைணவம்னு வாதம் பண்றதே ஒரு தொழிலா இருந்தது.

பாட்டோட கட்டமைப்பைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா என் தொழில் புத்தி அங்கதான் போய் நிக்கும். ஒவ்வொரு திருப்புகழுக்கும் ஒரு சந்தம் உண்டு. தன தனன தந்தனன்னு புத்தகத்துல பாட்டுக்கு மேலேயே போட்டிருப்பாங்க. முதல் அடி எந்த அளவுல ஓடுதோ அதே அளவுலதான் எல்லா அடியும் ஓடணும். குறில், நெடில், வல்லினம், மெல்லினம் எல்லாம் இடம் மாறக் கூடாது. அதனால ஏட்டுல ஒரு எழுத்தைப் பூச்சி அரிச்சிருந்தா, சந்தத்தை வச்சே என்ன எழுத்து இருந்திருக்கும்னு ஓரளவு கண்டுபிடிக்கலாம். நம்ம பாஷையில சொன்னா உள்ளேயே செக்சம் வச்சு எழுதின பாட்டு. நடக்கிற ஆளுக்குக் காலே தாளம் போடும், அதுதான் இவ்வளவு தாளக்கட்டா வந்ததோன்னு நானா நினைச்சுக்குவேன்.

பாட்டுல என்ன இருக்குங்கிறதுல ஒரு சிக்கலும் இருக்கு. நிறைய திருப்புகழ்ல முதல் பாதி முழுக்கப் பொதுமகளிர் வர்ணனை, அவங்க ஆடவர்களை எப்படி மயக்குறாங்கன்னு. அப்புறம் நோய், முதுமை, எமன். பின் பாதியில முருகன். நான் கெட்டேன்னு தன் வாயாலேயே பாடுறார். இது அவர் சொந்தக் கதையா, இல்ல கேட்கிறவங்களுக்காக அவர் தன் மேல ஏத்திக்கிட்ட பழியான்னு அறிஞர்கள் கிட்ட ரெண்டு கருத்தும் உண்டு. எப்படி இருந்தாலும், நம்ம பசங்க சிலர் அந்த முதல் பாதியை மட்டும் வெட்டி, பொண்ணுங்கன்னாலே இப்படித்தான்னு ஸ்டேட்டஸ் போடுறாங்க. அந்தத் தாசி வீட்டுப் பெண்களும் அதே ஊர்ல, அதே கோயில் நிழல்ல வாழ்ந்தவங்கதான். காசு கொடுத்துட்டுப் போனவருக்குத் திரும்பி வர ஒரு வழி இருந்தது, அவங்களுக்கு அப்படி ஒரு வழியைக் கதை காட்டவே இல்ல. அதே அருணகிரிநாதர், முருகனைப் பாடுற இடத்திலெல்லாம் வள்ளியை விடாமச் சொல்வார். தினைப்புனம் காத்த குறமகளைத் தேடி, சாமி காட்டுக்குள்ள போய், கிழவனா நடிச்சு, கெஞ்சி நின்ன கதை. ஸ்டேட்டஸ் போடுறவங்க அதையும் சேர்த்துப் போடலாம்.

காசுக்காகப் பணக்காரனைப் புகழ்ந்து பாடுற புலவர்களை அவர் கடுமையாத் திட்டியிருக்கார். தானே காசுக்காக வீட்டை அழிச்சவர்ங்கிற கதையோட சேர்த்துப் படிச்சா அது வேற மாதிரி கேட்கும். ஆனா மனுஷங்க மேல அன்பே இல்லாதவர் கிடையாது. கலிசைச் சேவகனார்ங்கிற ஒரு அன்பரைப் பழனிப் பாட்டுகள்ல பேர் சொல்லிப் பாடியிருக்கார். சோமநாதன்ங்கிற ஒருத்தரோட மடத்தைப் பாடியிருக்கார். இவங்க கிட்ட என்ன சோறு சாப்பிட்டாரோ, எத்தனை நாள் தங்கினாரோ, அந்த நன்றி பாட்டுக்குள்ள போய் உட்கார்ந்திடுச்சு.

இப்போ வில்லிபுத்தூரார் கதை. முதல்ல நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரு விஷயம். வில்லிபாரதம் எழுதின வில்லிபுத்தூரார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் இல்ல. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர். வைணவக் குடும்பம், பெரியாழ்வார் பேரைப் பிள்ளைக்கு வச்சாங்க, அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் ஒருத்தர் இதைக் கேட்டு ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

வில்லிபுத்தூரார் பெரிய புலவர். வாதத்துக்குக் கூப்பிட்டு, தோத்தவங்க காதைத் துறட்டியால் அறுத்திடுவாராம். எத்தனை புலவர்கள் காது போய் வாழ்ந்தாங்களோ. அருணகிரிநாதர் அவர் கிட்ட வாதத்துக்குப் போனார். நிபந்தனை ரெண்டு பேருக்கும் பொது, ஒருத்தர் காதுல இன்னொருத்தர் துறட்டி. அருணகிரிநாதர் கந்தரந்தாதியைப் பாடப் பாட வில்லிபுத்தூரார் உடனுக்குடன் பொருள் சொல்லிட்டே வந்தார். 54-வது பாட்டு வந்தது. முழுக்க முழுக்கத் தகர வரிசை எழுத்து மட்டும் வச்சுக் கட்டின பாட்டு. வில்லிபுத்தூரார் நின்னுட்டார்.

இழுத்திருந்தா காது போயிருக்கும். அருணகிரிநாதர் இழுக்கல. துறட்டியைக் கீழே போட்டுட்டு, பொருளையும் தானே சொல்லி, இனிமே யார் காதையும் அறுக்க வேண்டாம்னு மட்டும் கேட்டுக்கிட்டார். கருணைக்கு அருணகிரின்னு பேர் வந்தது அதனாலதான். காது அறுபட்ட புலவன்னா வாழ்நாள் முழுக்க சபையில தலைகாட்ட முடியாது, நடமாடுற அவமானம். ஊர் நடுவுல அவமானப்பட்டு நிக்கிறது எப்படி இருக்கும்னு அந்தச் சபையில வேற யாரையும் விட அருணகிரிநாதருக்குத் தெரியும். கோபுரத்தடியில நடந்ததை விட இதைத்தான் நான் பெரிசா நினைக்கிறேன். அங்க அவர் காப்பாத்தப்பட்டார். இங்க அவர் இன்னொருத்தரை விட்டுட்டார்.

சம்பந்தாண்டான் கதை எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாச் சொல்றேன். பிரபுடதேவராஜா சபையில இருந்த தேவி உபாசகர். அருணகிரிக்கு வந்த மரியாதையைப் பார்க்கப் பொறுக்காம, அவரவர் தெய்வத்தைச் சபையில காட்டணும்னு போட்டி வச்சார். அவரால முடியல. அருணகிரிநாதர் பாட, முருகன் தூண்ல காட்சி கொடுத்தார். அந்த இடம்தான் கம்பத்து இளையனார் சந்நிதி. முன்னாடி சொன்னேனே, ராஜா பேரு வர்ற பாட்டு, அது இங்க பாடினதுதான். அப்புறம் ராஜாவுக்குக் கண் பார்வை போக, பாரிஜாத மலர் கொண்டு வர அருணகிரி தன் உடலை விட்டுக் கிளி உடம்புல புகுந்து போனார், சம்பந்தாண்டான் சூழ்ச்சியா அந்த உடலை எரிச்சிட்டார், திரும்பி வந்தவர் கிளியாவே இருந்து கந்தரனுபூதி பாடினார்ங்கிறது மரபு. திருவண்ணாமலையில கிளி கோபுரம்னு பேர் வந்த கதையும் இதுதான். இதை வரலாறா நிரூபிக்கச் சொல்லி யாராவது கமெண்ட்ல வந்தா நான் வாதாட மாட்டேன். ஆனா ஒரு காலத்துல நோய் வந்து, வாழப் பிடிக்காம, கோபுரத்துல இருந்து தூக்கி எறியப் பார்த்த உடம்பு அது. கடைசியில வேற ஒருத்தர் கண்ணுக்காகப் போய் அந்த உடம்பே இல்லாமப் போச்சுன்னு முடிக்கிற கதை, சும்மா கட்டினதாத் தெரியல.

கந்தரலங்காரத்துல அவர் திரும்பத் திரும்பச் சொல்ற ஒரு விஷயம் தானம். ஏழைக்கு ஒரு நொய்யரிசியில பாதி அளவாவது பகிர்ந்து கொடுங்கன்னு கேட்கிறார். கையில மூட்டை மூட்டையா இருந்தா கொடுங்கன்னு சொல்லல. நொய்யில பாதி. எங்க ஆனைக்குட்டம், சிவகாசிப் பக்கத்துலேருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போறவங்களைப் பார்த்திருப்பீங்க, பச்சை வேட்டி கட்டி, சாத்தூர், கோவில்பட்டினு ரோட்டோரமாவே நூறு கிலோமீட்டருக்கு மேல நடக்கிற கூட்டம். பட்டாசு ஆலையில மருந்து கலக்கிற கை, தீப்பெட்டி அடுக்குற கை, அச்சாபீஸ் கை எல்லாம் அந்தக் கூட்டத்துல இருக்கும். வழியில யாராவது ஒரு டிரம்ல மோர் வச்சுக் கொடுப்பாங்க, யாராவது கால்ல எண்ணெய் தேய்ச்சு விடுவாங்க. அவங்களும் பெரும்பாலும் தினக்கூலிதான். இன்னொண்ணும் உண்டு. மாலை போட்ட நாள்லேருந்து குடிக்காத ஆளுங்க எங்க தெருவுலயே இருக்காங்க. மாலை கழட்டினப்புறம் சிலர் திரும்பக் குடிக்கிறாங்க, சிலர் அப்படியே விட்டுடறாங்க. விட்டவங்க வீட்டுல போய்க் கேட்டா, ஆதி மாதிரி ஒரு அக்காவோ மனைவியோதான் விரதச் சாப்பாடு சமைச்சுப் போட்டிருப்பாங்க.

இந்தப் பாட்டெல்லாம் நம்ம கைக்கு வந்ததே ஒரு தனிக் கதை. 16,000 பாடினார்னு மரபு. கிடைச்சது 1,300 சொச்சம். அதுவும் தானா கிடைக்கல. 1871-ல வ.த. சுப்பிரமணிய பிள்ளைன்னு ஒரு கோர்ட் ஊழியர், பின்னாடி முன்சீப் ஆனவர். சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்குல தங்கள் உரிமைக்கு ஆதாரமாத் திருப்புகழ்லேருந்து ஒரு பகுதியைக் காட்டியிருந்தாங்க. கோர்ட் காகிதத்துல அதைப் படிச்ச மனுஷன் அசந்து போயிட்டார். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஊர் ஊரா ஏடு தேடி அலைஞ்சார். முதல் தொகுதி அச்சில் வந்தது 1894-ல. அருணகிரி நடந்த ஊர்களுக்கெல்லாம் அந்தப் பாட்டைத் தேடி இன்னொருத்தர் நடந்திருக்கார். அவர் பிள்ளை வ.சு. செங்கல்வராய பிள்ளை முழுசுக்கும் உரை எழுதி முடிச்சார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் திருத்தணியோட 365 படிக்கும் படிப் பாட்டு வச்சு, 1917 டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழா தொடங்கினார். புத்தாண்டுக்கு வெள்ளைக்கார துரைகளைப் பார்த்து எலுமிச்சம்பழம் கொடுக்கப் போன ஜனங்களை, துரைக்கெல்லாம் துரை தணிகையில இருக்கார்னு மலைக்குத் திருப்பி விட்டார். வாரியார் சுவாமிகள் ஊர் ஊராப் போய்ப் பேசி அதை வீட்டுக்குள்ள கொண்டு வந்தார்.

ஆனா பாட்டு எல்லார் வாய்க்கும் வந்த வேகத்துல கோயில் கதவு எல்லாருக்கும் திறக்கல. இதையும் சொல்லணும், ஏன்னா இது எங்க மண்ணுல நடந்தது. அருணகிரிநாதர் பாடின கழுகுமலை எங்க ஊர்லேருந்து ரொம்ப தூரம் இல்ல. அந்தக் கழுகுமலையில 1895-ல, நாடார் சமூகத்தவர் ரதவீதியில ஊர்வலம் போற உரிமை சம்பந்தமா கலவரம் நடந்து உயிர்கள் போச்சு. 1899-ல கோயில் நுழைவுப் பிரச்சினையில சிவகாசியே எரிஞ்சது. 1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாதய்யர் முன்னின்று, தாழ்த்தப்பட்ட சமூகத்தவரையும் நாடார் சமூகத்தவரையும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள அழைச்சுட்டுப் போனார். அதுவரைக்கும் முருகன் பாட்டைப் பாடிக்கிட்டே நடந்து போனவங்க எத்தனை பேர் கோபுர வாசலோட திரும்பியிருப்பாங்கன்னு கணக்கே இல்ல. தொழுநோய்க்காரனைக் கையில தாங்கின சாமின்னு கதை சொல்லிட்டு, அதே சாமி வாசல்ல ஆளைப் பிரிச்சு நிறுத்தின ஊர்க்காரங்க நாம. இன்னைக்கும் சில ஊர்கள்ல திருவிழா வந்தா போலீஸ் நிக்குதுன்னா அது அந்தக் காலத்து மிச்சம்தான்.

கழுகுமலைக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினது அந்த முருகனைத்தான். 1865-ல பிறந்து 26 வயசுக்குள்ளேயே போயிட்டார். சந்தத்துல அருணகிரிநாதரோட பேரன்னு சொல்லலாம். பாதயாத்திரையில கால் சோர்ந்து போறப்போ யாரோ ஒருத்தர் அதை எடுத்து விட்டா, பின்னாடி வர்றவங்க கால் தானா நிமிரும்.

வர்ற கிருத்திகைக்கு நம்ம பக்கத்துக் கூட்டம் கழுகுமலைக்குப் போறதாப் பேச்சு இருக்கு. குடைவரைக்குள்ள இருக்கிற முருகனைப் பார்த்துட்டு, அந்தத் தலத்துத் திருப்புகழை அங்கேயே உட்கார்ந்து பாடலாம். சந்தம் பிடிபடலேன்னா முதல்ல தனதனன்னு தாளம் மட்டும் தட்டிப் பழகிக்கோங்க, வார்த்தை தானா வந்து உட்காரும். வர்றவங்க குரூப்ல பேர் போடுங்க. வீட்டுல அக்கா இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!